ஒரு கேரக்டர் ஏன் பிடிக்குதுன்னு பிரிச்சுப் பார்க்கிறது எப்படி? (ஸ்பாய்லர் நிறைய உண்டு)

#1 · இரட்டைச்சுழி

பிடிச்ச அனிமே கேரக்டர் யாருன்னு கேட்டா மளமளன்னு பட்டியல் வந்துடுது. ஏன்னு கேட்டா மட்டும் "செம மாஸ்", "பயங்கர டெப்த்" ரெண்டுல ஒண்ணு. இந்த இழை அந்த "ஏன்"-க்கு மட்டும். பேரைச் சொல்லிட்டுப் போகாம எந்தக் காட்சி, அதுல அந்த ஆள் என்ன பண்றான்னு எழுதுங்க. "எனக்குப் பிடிக்கும்" வேற, "நல்லா எழுதியிருக்காங்க" வேற. ரெண்டையும் குழப்பினா சண்டைதான் மிச்சம்.

முதல் கேள்வியை நானே போடறேன். ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் ரெண்டு தடவை அனிமே ஆச்சு, 2003-லயும் 2009-லயும். ராணுவ அதிகாரி ஹியூஸ் சாகிறது முதல்ல வந்ததுல 25-வது எபிசோட், அடுத்ததுல 10-வது. அதே ஆள், அதே டெலிபோன் பூத், கொல்றதும் அதே என்வி. ஆனா ஹியூஸைப் பத்திப் பேசும்போது தொண்டை அடைக்கிறவங்க பெரும்பாலும் 2003 பார்த்தவங்களா இருக்காங்க. திரையில இருந்த நேரம்தான் காரணமா?

#2 · செல்ஷேடு

நேரம் ஒரு காரணம், ஆனா நாம நினைக்கிற அளவுக்கு இல்ல. கணக்கைப் பாருங்க. டிவி எபிசோட் சுமார் 24 நிமிஷம். ஓபனிங் ஒன்றரை நிமிஷம், எண்டிங் ஒன்றரை நிமிஷம் போக கதைக்கு மிஞ்சறது 21. 12 எபிசோட் சீசன்னா மொத்தம் 252 நிமிஷம், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதுல எட்டு முக்கிய கேரக்டரை இறக்கினா தலைக்கு அரை மணி நேரம். "எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க, ஒருத்தர் பேரும் ஞாபகம் இல்ல"ன்னு சொல்ல வைக்கிற தொடர்கள்ல பாதிக்கு வியாதி இதுதான்.

ஆனா இந்தக் கணக்கை உடைக்கிற ஆளும் இருக்கார். எவாஞ்செலியன் டிவி தொடர்ல காவோரு வர்றது 26-ல ஒரே ஒரு எபிசோட், 24-வது. வர்றார், நாயகன் ஷிஞ்சிகிட்டப் பேசறார், அதே எபிசோட்ல ஷிஞ்சி கையாலயே சாகறார். 1995-ல ஆரம்பிச்ச தொடர், இன்னைக்கும் அவரைப் பத்திப் பேச ஆள் இருக்கு. அதனால நேரத்தை மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க.

#3 · மூன்றாம்பிறை

டெமன் ஸ்லேயர் ரெங்கோகுவும் அதே வகை. முகென் ட்ரெயின் படம் 117 நிமிஷம். அதுக்கு முன்னாடி முதல் சீசன் கடைசில ஹஷிராக்கள் (அசுர வேட்டைக்காரர்கள்ல தலைசிறந்தவங்க) கூட்டத்துல தலையைக் காட்டினதோட சரி. படத்துலயும் ரயில்ல "உமாய்! உமாய்!"ன்னு சாப்பாட்டுப் பெட்டிகளைக் காலி பண்றதுதான் அறிமுகமே.

#4 · இரட்டைச்சுழி

அப்போ காவோரு, ரெங்கோகு ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு? ரெண்டு பேரும் சாகறாங்கங்கறதைத் தவிர.

#5 · பின்னணி_இரைச்சல்

சாவை ஒதுக்கி வெச்சுட்டுப் பாருங்க. ரெண்டு பேருக்கும் முன்னாடி ஒரு தேர்வு வருது, அதுக்கு அவங்க கொடுக்கிற விலை நமக்குக் கண்ணுக்குத் தெரியுது. அகாசாங்கற அசுரன் ரெங்கோகுகிட்ட நேரடியாவே கேக்கறான்: அசுரனாயிடு, வயசாகாது, காயம் ஆறிடும், நூறு வருஷம் இருநூறு வருஷம் பலமாயிட்டே போகலாம்னு. கேக்கிற நேரத்துல ரெங்கோகு தோத்துக்கிட்டு இருக்கார். முடியாதுன்னு சொன்னா செத்துடுவோம்னு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கொள்கையைச் சொல்றது எளிசு, எந்த நேரத்துல சொல்றாங்கங்கறதுதான் கணக்கு. அதே வசனத்தை ரயில்ல பென்டோ சாப்பிடும்போது சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

காவோரு கதை கொஞ்சம் வேற மாதிரி. ஷிஞ்சிக்கு 23 எபிசோடா எது கிடைக்கலையோ, அதை ஒருத்தன் வந்து தயக்கமே இல்லாம வாய்விட்டுச் சொல்றான். அங்க உழைச்சது காவோருவோட 21 நிமிஷம் இல்ல, அதுக்கு முன்னாடி ஷிஞ்சி பட்டினி கிடந்த 23 எபிசோட். அடுத்தவனோட பள்ளத்துல சரியாப் பொருந்தற மாதிரி செஞ்ச கேரக்டர்.

ஹியூஸுக்கு இதை வெச்சுப் பாருங்க. 2003-ல அவர் நாயகர்கள் எட்வர்ட், அல் ரெண்டு பேருக்கும் வீட்டுப் பெரியவர் மாதிரி ஆகறதுக்கு இடம் இருக்கு. 2009-ல அந்தப் பள்ளத்தைத் தோண்ட நேரமே இல்ல, மங்காவோட (மூலக் காமிக்ஸ்) ஆரம்பப் பகுதியைச் சீக்கிரம் தாண்டி முன்னாடி போகணும். அப்படியும் சவ அடக்கத்துல குழந்தை எலிசியா "அப்பாவை ஏன் மண்ணுல புதைக்கிறீங்க, அவருக்கு வேலை இருக்கே"ன்னு கேக்கற இடம் ரெண்டுலயும் அடிக்குது. ஏன்னா அந்த இடத்துக்கு ஹியூஸை முன்கூட்டித் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல.

#6 · கருமைக்கோடு

எல்லாரும் எழுத்தைப் பத்தியே பேசறீங்க. முதல் பத்து விநாடில ஒரு கேரக்டர் பிடிக்குதே, அப்போ எந்தக் கொள்கை தெரியுது? வரைகலைதான் வாசல். அதைத் தாண்டித்தான் மத்ததெல்லாம்.

டிவி அனிமேல ஒரு எபிசோடுக்கு சுமார் 300 கட் (ஷாட்) வரும். பல கைகள் வரையறாங்க. அதனால கேரக்டர் டிசைனரோட முதல் வேலை மங்கால இருக்கிற கோடுகளைக் குறைக்கிறது. ஒரு கோடு கூடினா அது ஆயிரக்கணக்கான படத்துல கூடும். கோட்டைக் குறைச்சுட்டு ஆளை மட்டும் தவறவிடாம இருக்கணும். அதுக்குத்தான் நிழலுருவம். ஆளை முழுசாக் கருப்பா நிரப்பினாலும் யாருன்னு தெரியணும். ஒன் பீஸ் லூஃபிக்குத் தொப்பி. டெத் நோட் துப்பறிவாளர் எல்-க்குக் கூன் போட்ட முதுகு, குந்தின உட்கார்வு, எதையும் ரெண்டு விரல் நுனியில தூக்கற பழக்கம். எதிர்ல அவரோட எதிராளி லைட் யாகமி நிமிர்ந்து, தலை கலையாம. வசனமே இல்லாம யார் விதிக்கு உள்ள, யார் விதிக்கு வெளியன்னு தெரியுது. அப்புறம் கதை அதைத் தலைகீழா ஆக்குது. டெத் நோட்டுக்கு அந்த ரெண்டு முதுகும் பாதி பலம்.

நிறத்துக்கும் பங்கு உண்டு. எவாஞ்செலியன் ரெய்க்கு வெளிர்நீல முடி, சிவப்புக் கண். அசுகாவுக்குச் சிவப்பு உடை, நீலக் கண். பக்கத்துல நிறுத்தினா ஒருத்தியைத் தலைகீழாப் போட்ட மாதிரி இன்னொருத்தி.

கண்ணுல பாருங்க: மேல் இமைக்குத் தடிச்ச கோடு, உள்ள அடர்நிறம், கீழ வெளிர்நிறம், அது மேல ஒண்ணு ரெண்டு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை எடுத்தாலே போதும், ஆள் உள்ளுக்குள்ள செத்துட்டார்னு புரிஞ்சுடும். இதை அடிக்கடி பண்ணினா மதிப்பு போயிடும்ங்கறது வேற விஷயம். ஜுஜுட்சு கைசென் முதல் சீசன் 7-வது எபிசோட்ல கோஜோ கண்கட்டைத் தூக்கற கட் ஏன் அந்த ஆட்டம் ஆடுச்சு? ஆறு எபிசோடா கண்ணையே காட்டல. மறைச்சு வெச்ச நேரம்தான் அந்த ஒரு கட்டுக்கு விலை ஏத்தினது.

#7 · மூன்றாம்பிறை

கண்கட்டுக்குக் கீழ இருந்தது அழகான கண்ணா இல்லாம இருந்திருந்தா இந்த வாதம் நிக்குமா 🙂

#8 · கருமைக்கோடு

நிக்கும், ஆனா ரசிகர்கள் வாங்கற பேட்ஜ் விக்காது.

#9 · வாய்ஸ்நோட்

குரலை யாரும் தொடலையே. டிவி அனிமேல பேசும்போது வாய்க்குப் பெரும்பாலும் மூணே படம்: மூடினது, பாதி திறந்தது, முழுசாத் திறந்தது. அதை மாத்தி மாத்திப் போடறாங்க. அகிரா (1988) மாதிரி குரலை முதல்ல பதிஞ்சு அதுக்கேத்த மாதிரி வாயை வரைஞ்சது விதிவிலக்கு. வழக்கமா படம் முன்னாடி, குரல் பின்னாடி. பதியும்போது படம் முழுசா முடிஞ்சிருக்காத நிலையும் சகஜம். மூணு வாயை வெச்சு நடிக்க முடியாது. முகத்துல பாதி நடிப்பு குரல்லதான் இருக்கு.

இதைச் சோதிக்க நல்ல வழி, ஒரே குரல் ரெண்டு கேரக்டரைப் பக்கத்துல வெச்சுக் கேக்கறது. ஸ்பை × ஃபேமிலி அன்யாவும் ஃப்ரீரனும் ஒரே ஆள், தனேசாகி அட்சுமி. அன்யாவுக்குச் சொல் உடைஞ்சு, நீட்டி, வாயில கடலை இருக்கிற மாதிரி. ஃப்ரீரனுக்கு வாக்கியத்தோட கடைசிய அழுத்தவே மாட்டாங்க, மூச்சுல விட்டுடுவாங்க. ஆயிரம் வருஷம் வாழ்ந்தவளுக்கு எதையும் அடிச்சுச் சொல்ல வேண்டிய அவசரம் இல்லங்கறது அங்கதான் கேக்குது. முதல் எபிசோட்ல பழைய தோழன் ஹிம்மெல் சவ அடக்கத்துல அழற இடம் வேலை செய்யறதும் அதனாலதான். அந்த எபிசோட்லயே முதல் தடவையா குரல் பிடி விட்டுப் போகுது.

இன்னொரு ஜோடி: லைட் யாகமியும் ஸ்டைன்ஸ்;கேட் ஒகாபேவும், ரெண்டும் மியானோ மமோரு. ரெண்டு பேரும் பைத்தியக்காரச் சிரிப்பு சிரிப்பாங்க. லைட் சிரிக்கறது கட்டுப்பாடு நழுவும்போது. ஒகாபே சிரிக்கறது வேஷம் போடும்போது. அணைச்சு வெச்ச போன்ல பேசற ஆள் அவர். பின்னாடி தோழி மயூரிக்காகத்தான் அந்த வேஷம்னு தெரிஞ்சதும், முன்னாடி எரிச்சலா இருந்த அதே சிரிப்பு வேற மாதிரி கேக்கும். முதல் பத்து எபிசோடைத் தாங்காம விட்டவங்களுக்கு இது கிடைக்காது, அது அந்தத் தொடரோட குறையும்தான்.

பழசு வேணும்னா 1995. அந்த ஒரே வருஷத்துல ஹயாஷிபாரா மெகுமி ஸ்லேயர்ஸ்ல லீனாவாக் கத்தித் தீர்த்தாங்க, எவாஞ்செலியன்ல ரெய்யா வாயே திறக்கல.

#10 · பின்னணி_இரைச்சல்

குரல், கோடு, நேரம் எல்லாம் சரி. ஆனா "ஏன் பிடிக்குது"ன்னு பிரிக்கணும்னா எல்லாத்தையும் ஒண்ணாப் பார்த்தா வராது. ஒரு முறை சொல்றேன், யார் வேணும்னாலும் செஞ்சு பார்க்கலாம். அரை மணி நேரம் போதும்.

அந்த கேரக்டர் பேசற காட்சி ஒண்ணு எடுங்க. ரெண்டு மூணு நிமிஷம் ஓடணும், சண்டை இருக்கக் கூடாது. முதல்ல சத்தத்தை அணைச்சுட்டுப் பாருங்க. நிக்கற விதம், கை எங்க இருக்கு, யாரைப் பார்த்துப் பேசுது, எப்போ பார்வையைத் திருப்புது. இப்பவும் பிடிச்சா டிசைனும் அசைவும் வேலை செய்யுது. அடுத்து திரையைப் பார்க்காம குரலை மட்டும் கேளுங்க. சப்டைட்டிலும் வேண்டாம், மொழி புரியாட்டியும் பரவாயில்ல. அதுலயே பிடிச்சா உங்களுக்குப் பிடிச்சிருக்கறது பாதி அந்தக் குரல் கலைஞர்தான். அவங்க பண்ணின வேற ரோல் ஒண்ணைக் கேட்டா உறுதியாயிடும்.

கடைசியா காகிதத்துல எழுதுங்க: இந்த ஆள் கதைல எடுத்த மூணு முடிவு, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல அதனால இழந்தது என்ன. "கோபக்காரன், ஆனா நல்லவன்" எல்லாம் எழுதக் கூடாது, அது குணம். முடிவுன்னா இதைச் செஞ்சான், அதைச் செய்யலங்கறது. மூணு எழுத முடியலன்னா உங்களுக்குப் பிடிச்சது அந்த கேரக்டரோட தோற்றமும் தொனியும். அதுல தப்பே இல்ல, ஆனா "ஆழமான கேரக்டர்"னு வாதாடாதீங்க.

இந்தச் சோதனை எங்க ஏமாத்தும்னா, சண்டைக் காட்சியை எடுத்தா. அட்டாக் ஆன் டைட்டன் லீவாய்க்கு இருக்கிற ஈர்ப்புல எத்தனை பங்கு அனிமேட்டர் இமாய் அரிஃபூமியோடது? மூணாவது சீசன் தொடக்கத்துல கென்னி ஆட்கள் ஊருக்குள்ள துரத்தற அந்த ஓட்டம் அவர் கை. கூரை, சந்து, கேமரா பின்னாலயே பறக்கறது எல்லாத்தையும் எடுத்துட்டு லீவாய் மட்டும் என்னன்னு கேட்டா, தலைல துணி கட்டிக்கிட்டு துடைப்பத்தோட நிக்கற 160 சென்டிமீட்டர் ஆள். எனக்கு ரெண்டாவது ஆளைத்தான் அதிகம் பிடிக்கும், ஆனா பெரும்பாலானவங்க முதல் ஆளுக்குத்தான் ஓட்டு போடறாங்க.

#11 · தனிவரி

லீவாய்க்கு மூணு முடிவு எழுத முடியும். ஒண்ணே போதும்: ஷிகன்ஷினா சண்டைல ஒருத்தரை மட்டும் காப்பாத்தற ஊசி மருந்து கையில இருக்கும்போது எர்வினா அர்மினான்னு. எர்வினைக் காப்பாத்தச் சொன்னவங்களை மீறி அர்மினைத் தேர்ந்தெடுத்தார், அதுக்கு விலையும் கொடுத்தார்.

#12 · பின்னணி_இரைச்சல்

ஒத்துக்கறேன். அதுல முக்கியம், எர்வினைத் தேர்ந்தெடுக்காததுக்கு அவர் சொல்ற காரணம் போர்த் தந்திரம் இல்ல, அந்த ஆளை இனிமேலாவது விட்டுடுவோம்ங்கறது. "மனித குலத்தின் பலசாலி"ன்னு பட்டம் வாங்கினவன் மனித குலத்துக்கு எதிரா எடுத்த முடிவுன்னே சொல்லலாம்.

#13 · இரட்டைச்சுழி

அட்டாக் ஆன் டைட்டன் பேச்சு வந்ததால ஒண்ணு. ரெண்டாவது சீசன் 6-வது எபிசோட்ல ரைனர் தான் யாருன்னு சொல்ற இடம். மதில் மேல, மேகமூட்டமான பகல், ஆட்கள் அவங்கவங்க வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. களைச்சுப்போன ஆள் டிக்கெட் எடுத்தாச்சான்னு கேக்கற தொனியில "நான்தான் கவச டைட்டன், இவன் பிரம்மாண்ட டைட்டன்"னு சொல்றான். அந்த வரிக்கு அதிர்ச்சி இசை கிடையாது. எரன் முகத்துக்கு ஜூம் கிடையாது. இசை ஏறறது அவன் முடிவெடுத்து மாறும்போதுதான். சாதாரண இயக்குநர் இசையை வசனத்து மேல போட்டிருப்பார், அப்போ ரைனர் வெறும் துரோகி. இப்படி எடுத்ததால மனசு ரெண்டா உடைஞ்ச ஆள்னு வசனத்துக்கு முன்னாடியே தெரியுது.

#14 · மூன்றாம்பிறை

சுண்டெரே (வெளியில கடுமை, உள்ள கனிவுன்னு இருக்கிற வகை) பத்தி ஒருத்தராவது பேசணும். அந்த வகைய மொத்தமாத் திட்டறது ஃபேஷனாயிடுச்சு. வகைல தப்பில்ல, சோம்பேறித்தனமா எழுதறதுலதான்.

கெட்டுப்போறது எப்படின்னா, அவ அடிக்கறா, அவன் சுவத்துல ஒட்டறான், அடுத்த காட்சில காயம் இல்ல, கோபம் இல்ல, யாருக்கும் எதுவும் மாறல. இதே 12 எபிசோட். கடுமைக்கு ஒரு காரணமும் கனிவுக்கு இன்னொரு காரணமும் தனித்தனியா இருக்கணும், ரெண்டும் ஒரே விஷயத்தைப் பார்த்து எழணும். டொராடொரா டைகாவுக்கு வீட்டுல யாரும் இல்லாததுதான் கடுமைக்கும் காரணம், ரியூஜி சமையலறைல வந்து உக்கார்றதுக்கும் காரணம். அதனாலதான் 19-வது எபிசோட். கரடி வேஷத்துல வந்த ரியூஜியை அவனுக்குப் பிடிச்ச மினோரிகிட்ட அனுப்பி வெச்சுட்டு, அப்புறம்தான் என்ன பண்ணிட்டோம்னு உறைச்சு வெறுங்காலோட தெருவுக்கு ஓடிவந்து அவன் பேரைச் சொல்லி அழறா. கத்தற பொண்ணு கத்தறா, ஆனா இந்தத் தடவை அடிக்கறதுக்கு எதிர்ல ஆள் இல்ல.

எல்லாரும் டைகாவுக்குப் பேசின குகிமியா ரியே குரலைத்தான் நகலெடுத்தாங்க. அந்தக் காலி வீட்டை ஒருத்தரும் எடுக்கல.

#15 · தனிவரி

"கேரக்டர் வளர்ச்சி" இல்லாதவங்களைக் குறைவா மதிப்பிடறதும் அதே ஃபேஷன்தான். முஷிஷி 26 எபிசோட், நாயகன் கிங்கோ முதல்லயும் கடைசிலயும் ஒரே ஆள். வருவார், சிகரெட் புகையை ஊதுவார், என்ன நடக்குதுன்னு விளக்குவார், சில நேரம் காப்பாத்த முடியாம போயிடுவார். தோத்தாலும் உடைஞ்சு அழமாட்டார், ஜெயிச்சாலும் மார் தட்டமாட்டார். சுத்தி இருக்கிறவங்கதான் மாறறாங்க. லூஃபியும் அதே. நாமி கைல கத்தியால குத்திக்கிட்டு "உதவி பண்ணு"ன்னு கேக்கும்போது லூஃபி செய்யறது என்ன? யாரையும் தொடவிடாத தொப்பியைக் கழட்டி அவ தலைல வெச்சுட்டு நடக்கறான். மாறினது நாமி.

மாறாத ஆள் எப்போ சலிப்பார்னா, அவரைச் சுத்தியும் எதுவும் மாறாதப்போ. இசெகாய்ல (வேற உலகத்துக்குப் போற கதைகள்) வர்ற பாதி நாயகர்களுக்கு அந்தக் கதிதான்.

#16 · கருமைக்கோடு

இதுக்கு நேர் எதிர்க் கோடி வின்லண்ட் சாகா. முதல் சீசன் (2019) விட் ஸ்டுடியோ, ரெண்டாவது (2023) மாப்பா ஸ்டுடியோ, இயக்குநரும் கேரக்டர் டிசைனரும் அதே ஆட்கள். தோர்ஃபின் முதல்ல புருவம் நெருங்கி, பல்லைக் கடிச்சு, எப்பவும் ஓடத் தயாரா முன்சாய்ஞ்சு நிப்பான். ரெண்டாவதுல தோள் தொங்கி, கண் பாதி மூடி, பேச்சு நின்னு நின்னு. அப்புறம் நூறு குத்து வாங்கற காட்சி. அரசனைப் பார்க்க விடணும்னா நூறு குத்து, திருப்பி அடிக்க மாட்டேன்கறான். முதல் சீசன் தோர்ஃபினா இருந்தா இரண்டாவது குத்துக்குள்ள எதிராளி கழுத்து போயிருக்கும். அது தெரிஞ்சதால பார்க்கிறவனுக்குத்தான் கை துடிக்குது.

முதல் சீசன் ரசிகர்கள் நிறைய பேர் இங்கதான் விலகினாங்க. அவங்களுக்குப் பிடிச்சது தோர்ஃபின் இல்ல, அஸ்கெலாட்.

#17 · பின்னணி_இரைச்சல்

அஸ்கெலாட் விஷயத்துல அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். வில்லனை ஈர்ப்பா எழுதறதுக்கு அவர் பாடம். முதல் எபிசோடுகள்லயே தோர்ஃபினோட அப்பா தோர்ஸைச் சூழ்ச்சியால கொல்றார், அதை எங்கயும் கழுவி விடல. சோகமான பின்கதையைக் காட்டி மன்னிப்பு வாங்கல. அவர் அம்மா கதை வருது, ஆனா அதுக்கப்புறமும் ஒரு கிராமத்தையே உணவுக்காகக் கொன்னு போடறாரு. பிடிக்கறதுக்குக் காரணம், எப்பவும் மத்தவங்களுக்கு ரெண்டு அடி முன்னாடி யோசிக்கறார், அந்த யோசனை நமக்குப் புரியற மாதிரி காட்டறாங்க.

மோனோனோகே ஹிமே (1997) எபோஷியும் அந்த வகை. காட்டை அழிக்கறா. அதே ஆள் தன்னோட இரும்பு உருக்கற ஊர்ல தொழுநோயாளிகளுக்கு வேலையும் கட்டும் கொடுத்து வெச்சிருக்கா, விபச்சார விடுதிகள்ல இருந்து மீட்ட பெண்கள் துருத்தி மிதிக்கறாங்க. ரெண்டுக்கும் காசு அதே இரும்புதான். ஒண்ணை நிறுத்தினா இன்னொண்ணும் நிக்கும். இந்த மாதிரி நல்லதும் கெட்டதும் ஒரே கயிறுல கட்டியிருந்தா பின்கதையே தேவையில்ல.

டெமன் ஸ்லேயர்ல அசுரர்களோட பின்கதையைத் தலை விழுந்ததுக்கு அப்புறம் காட்டறதுக்கும் காரணம் இருக்கு. முன்னாடியே காட்டினா சண்டையில பயம் போயிடும். சிலந்தி அசுரன் ருய்க்கு அது அருமையா வேலை செஞ்சுது. ஆனா எல்லா அசுரனுக்கும் அதே வரிசைல போட்டதும், தலை உருளும்போதே "இப்ப சின்ன வயசு வரும் பாரு"ன்னு சொல்ல வெச்சுட்டாங்க.

#18 · வாய்ஸ்நோட்

ஹிம்மெலை விட்டுட்டா இந்த இழை முழுசாகாது. முதல் எபிசோட்லயே செத்துட்டார். அதுக்கப்புறம் முதல் சீசன்ல வர்றதெல்லாம் துண்டு துண்டு நினைவா, பல தடவை ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒவ்வொரு துண்டுலயும் ஒரே ஒரு செயல். 14-வதுல மோதிரம் வாங்கற நினைவு. ஃப்ரீரன் ஏதோ ஒண்ணைச் சும்மா எடுக்கறா, தாமரை வடிவம், அதுக்கு என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியாது. ஹிம்மெலுக்குத் தெரியும். ஒண்ணும் சொல்லாம மண்டியிட்டு விரல்ல போட்டுவிடறார். அவ்வளவுதான் காட்சி. காதலைச் சொல்ற வசனம் ஒண்ணுகூட இல்லாம காதல் கேரக்டர்னு பேர் வாங்கினவர்.

அதோட, அந்த முதல் சீசனை இயக்கின சாய்தோ கெய்ச்சிரோதான் அதுக்கு முந்தின வருஷம் போச்சி த ராக் இயக்கினார். அங்க கூச்சத்தைக் காட்ட ஆளையே உருக்கி, நசுக்கி, நிஜ வீடியோ எல்லாம் செருகினார். இங்க அதே ஆள் ஃப்ரீரனை அசையாம நிக்க வெச்சார். அசைவு அதிகம்னா நடிப்பு அதிகம்னு சொல்றவங்களுக்கு இந்த ரெண்டையும் அடுத்தடுத்துக் காட்டணும்.

#19 · புதுமுகம்07

நீண்ட நாளா வாசிக்கிறேன், இப்பதான் எழுதறேன். பின்னணி அண்ணா சொன்ன சோதனையைச் செஞ்சு பார்த்தேன். எனக்குப் பிடிச்ச மூணு: கில்லுவா (ஹண்டர் × ஹண்டர்), ஸ்பைக் ஸ்பீகல் (கௌபாய் பீபாப்), அஸ்கெலாட். சத்தம் இல்லாமலும் பிடிக்குது, முடிவுகளும் எழுத முடியுது. ஆனா மூணு பேருக்கும் என்ன தொடர்புன்னு புரியல. ஒருத்தன் குழந்தை, ஒருத்தன் வேட்டைக்காரன், ஒருத்தன் கொள்ளைக்காரன். அடுத்து என்ன பார்க்கலாம்?

#20 · பின்னணி_இரைச்சல்

தம்பி, தொடர்பு பளிச்சுன்னு இருக்கே. மூணு பேரும் எதுவுமே தங்களைப் பாதிக்காத மாதிரி நடந்துக்கறாங்க, மூணு பேரையும் ஒரே ஒரு விஷயம் கட்டிப் போட்டிருக்கு. கில்லுவா பாக்கெட்ல கை விட்டுக்கிட்டு நடப்பான். அரண்மனைல எதிரி பிடோ முன்னாடி காத்திருக்கும்போது அவன் தோழன் கான் "உனக்கென்ன, உனக்குச் சம்பந்தமில்ல"ங்கற மாதிரி சொன்னதும் அந்த முகம் என்ன ஆகுதுன்னு பாருங்க. கதறல் இல்ல, பதில் வசனமும் இல்ல. ஸ்பைக்கும் பாக்கெட்ல கைதான். பீபாப் 26 எபிசோட்ல விசியஸ்-ஜூலியா கதை வர்றது அஞ்சே அஞ்சு, 5, 12, 13, 25, 26. மீதி 21-ல பசி, கப்பல் ரிப்பேர், கிடைக்காத பணம். அந்த 21 இல்லாட்டி கடைசி ரெண்டு எபிசோட் வெறும் துப்பாக்கிச் சண்டை. அஸ்கெலாட்டுக்கு வேல்ஸ். அந்தப் பேரை எடுத்ததும் சிரிப்பு போயிடும்.

அதனால உங்களுக்கு வேண்டியது அலட்சியத்தைச் சீக்கிரம் உடைக்காத தொடர். மூணாவது எபிசோட்லயே கண்ணீர் விடற ஆட்களைத் தவிர்த்துடுங்க.

#21 · தனிவரி

சமுராய் சாம்ப்லூ (2004), 26 எபிசோட், பீபாப் இயக்கின அதே வாதனாபே. முகென்தான் உங்க ஆள், ஜின் இல்ல.

#22 · கருமைக்கோடு

பொறுமை இருந்தா லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ், 1988-ல ஆரம்பிச்ச பழைய ஓவிஏ (டிவிக்கு இல்லாம நேரடியா வீடியோவா வந்தது), 110 எபிசோட். யாங் வென்-லி வரலாறு படிக்கணும், ஓய்வூதியம் வாங்கணும், டீல பிராந்தி ஊத்திக் குடிக்கணும், வேற ஆசையே கிடையாது. ஜெயிச்சு ஜெயிச்சுப் பதவி ஏறிக்கிட்டே போகும். முதல் நாலஞ்சு எபிசோட்ல பேரும் பதவியும் குழப்பும், திரையில எழுத்துல பேர் போடுவாங்க, அதைப் பார்த்துக்கிட்டே போங்க. புது ரீமேக்கை முதல்ல எடுக்காதீங்க. அதுல எல்லாரும் அழகா இருக்காங்க, யாங் உள்பட. யாங் எடுபடறதே பார்க்க ஒரு ஆளா தெரியாததாலதான்.

#23 · மூன்றாம்பிறை

இதைச் சொன்னது "வரைகலைதான் வாசல்"னு #6-ல எழுதின அதே ஆள்னு பதிவு பண்ணிக்கறேன்.

#24 · கருமைக்கோடு

மந்தமாத் தெரியற மாதிரி வரையறதும் டிசைன்தான். தலைமுடி கலைஞ்சிருக்கணும், பெரே தொப்பி கோணலா இருக்கணும், மேஜைல காலைத் தூக்கிப் போட்டு உக்காரணும். பக்கத்துல எதிரணி ரைன்ஹார்டுக்குத் தங்க முடி, மேலங்கி. ரெண்டு பேரையும் கருப்பா நிரப்பிப் பாருங்க.